ஆற்றில் ஒரு பங்கு: மொழியாசிரியருக்கு மொழியியல் கலைச்சொற்கள் ஏன் வேண்டும்?



ஒரு மாணவனின் நோட்டிலிருந்து தொடங்குகிறேன். மொழியியல் என்றொரு துறை இருப்பதே எனக்குச் சரியாகத் தெரியாத காலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். செங்கல் சூளை வேலைக்காக வந்து தங்கிய, வீட்டில் ஒடியா பேசும் குடும்பத்துப் பையன் ஒருவன் அந்த வகுப்பில் இருந்தான். தமிழ் படிக்கத் தொடங்கி அவனுக்கு மூன்றாம் ஆண்டு. பின்னங்களை எழுத்தால் எழுதச் சொல்லியிருந்தேன். ஒன்றின் கீழ் ஆறு என்பதற்கு அவன் ‘ஆற்றில் ஒரு பங்கு’ என்று எழுதியிருந்தான். பக்கத்துப் பையன் அதை உரக்கப் படித்தான், வகுப்பே சிரித்தது. நான் சிவப்பு மையால் சுழித்து ‘ஆறில்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

பையன் உட்காரவில்லை. “சார், சோறு சோற்றில், சேறு சேற்றில், ஆறு ஆற்றில்னு நீங்கதானே போன வாரம் போர்டுல எழுதிப் போட்டீங்க?” என்று கேட்டான். “அது அப்படித்தான், உட்காரு” என்றேன்.

அந்தப் பதிலை நினைத்து நான் இன்றும் வருந்துகிறேன். அவன் விதியைக் கற்றிருந்தான், அதைத் தானாகவே புதிய இடத்தில் பொருத்தியும் பார்த்திருந்தான். அந்த வகுப்பில் அன்று மொழியைப் பற்றி யோசித்தவன் அவன் ஒருவனே. எனக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம், அவன் செய்த செயலைச் சுட்ட என்னிடம் ஒரு சொல் இல்லாததுதான். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிற கலைச்சொற்களை ஆசிரியரின் காதுக்கு உதவும் கருவிகளாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன். எல்லாச் சொற்களையும் தொட நேரம் போதாது. வகுப்பறைக்கு நேரே பயன்படும் சிலவற்றில் மட்டும் நின்று பேசுகிறேன்.

முதலில் ‘எழுத்து’. தமிழாசிரியருக்கு இதைவிடப் பழகிய சொல் கிடையாது, இதைவிட இடறச் செய்யும் சொல்லும் கிடையாது. தொல்காப்பியத்தின் முதல் அதிகாரமே எழுத்ததிகாரம். அங்கே எழுத்து என்பது பெரும்பாலும் ஒலியைத்தான் குறிக்கிறது. அதனால்தான் எழுத்துகள் எங்கே பிறக்கின்றன, நாக்கு அண்ணத்தின் எந்த இடத்தைத் தொடுகிறது என்றெல்லாம் அந்நூல் பேசுகிறது. கோட்டால் வரையும் வடிவம் அண்ணத்தில் பிறக்காதே! நம் பள்ளியிலோ எழுத்து என்றால் கரும்பலகையில் தெரியும் வடிவம். ‘கல்’ என்பதில் எத்தனை எழுத்து என்று கேட்டால் மாணவர் இரண்டு என்பார், அது சரி. எத்தனை ஒலி என்று கேட்டால் க், அ, ல் என்று மூன்று. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் சொல்வதெழுதுதலில் வரும் பாதிப் பிழைகளின் காரணம் நமக்குப் பிடிபடாது.

இப்போது எல்லாரும் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொள்ளுங்கள். ‘பக்கம்’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். நடுவில் ஒரு கணம் அதிர்வு நின்று மீண்டும் தொடங்குகிறது. அடுத்து, ‘தங்கம்’ என்று சொல்லுங்கள். முதல் தகரம் கடந்தபின் அதிர்வு நிற்கவே இல்லை. மூன்றாவதாக, ‘பகல்’. இங்கே நாக்கு அண்ணத்தை முழுதாக அடைப்பதுகூட இல்லை, காற்று உரசிக்கொண்டு போகிறது. எழுதும்போது மூன்றிலும் இருப்பது ககரம். வாயில் பிறப்பதோ மூன்று ஒலிகள். ஆனாலும் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் மாற்றிச் சொன்னால் வேறு சொல் பிறப்பதில்லை, கேட்கச் சற்று அயலாக இருக்கும், அவ்வளவுதான். பொருளை மாற்றும் ஆற்றல் உள்ள ஒலி அலகை ஒலியன் என்றும், ஒரே ஒலியன் இடத்துக்கேற்ப எடுக்கும் உருவங்களை மாற்றொலிகள் என்றும் மொழியியலார் சொல்கிறார்கள். மெல்லினத்தை அடுத்து அதிர்வு, சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் அதிர்வின்மை, உயிர்களுக்கு இடையே உரசல். ஒன்று வரும் இடத்தில் மற்றொன்று வருவதில்லை. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இந்த மாற்றத்தைத் திராவிட மொழிகளின் ஓர் இயல்பாக எடுத்துப் பேசியிருக்கிறார். தொல்காப்பியம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அக்காலத்தில் இந்த வேறுபாடு இருந்ததா என்று ஆய்வாளர்கள் விவாதித்து வருகிறார்கள். இருந்திருந்தாலும் சொல்லாமல் விட்டிருக்கக்கூடும் என்பது என் எண்ணம். தாய்மொழியின் மாற்றொலிகள் அதைப் பேசுபவரின் காதில் விழுவதே இல்லை.

விழாது என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். இந்தியில் உணவுக்கு ஒரு சொல், பாட்டுக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் ‘கானா’, ‘கானா’. கண நேரத்துக்கு ஒரு சொல், பழத்துக்கு ஒரு சொல். அவையும் தமிழில் ‘பல்’, ‘பல்’. அவர்களுக்கு இவை வெவ்வேறு ஒலியன்கள், நமக்கு ஒன்று. இந்தி வகுப்பில் நம் பிள்ளைகள் இவற்றைக் குழப்புவதற்குக் கவனக்குறைவு காரணமன்று, அவர்கள் காது அப்படிப் பழகியிருக்கிறது. மறுபக்கம், பீகாரிலிருந்து வந்த பிள்ளை ‘பகல்’ என்பதைப் ‘பக்கல்’ போல அழுத்திப் படித்தால் அதற்கும் காரணம் இதுவே. நாம் இடத்தைப் பார்த்து ஒலியை மாற்றுகிறோம். அந்தப் பிள்ளையோ ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று நம்பிப் படிக்கிறது. அதனிடம் ‘நன்றாகக் கேள்’ என்று பத்து முறை சொல்வதைவிட, இன்ன இடத்தில் இன்ன ஒலி என்று ஒரு முறை காட்டுவது மேல்.

ஆங்கில ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். கையிலுள்ள அழைப்பிதழை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு குண்டூசிக்கான ஆங்கிலச் சொல்லை இங்கிலாந்துக்காரர் சொல்வது போலச் சொன்னால் தாள் ஆடும். முதல் பகரத்தோடு ஒரு மூச்சு வெளிவருகிறது. அதே சொல்லுக்கு முன்னால் ஒரு ஸகரம் சேர்த்து ‘ஸ்பின்’ என்றால் தாள் ஆடாது. மூச்சு சேர்ந்த ஒலியும் சேராத ஒலியும் ஆங்கிலத்தில் மாற்றொலிகள், இந்தியில் தனித்தனி ஒலியன்கள். தமிழிலோ மூச்சு சேர்ந்த ஒலி இல்லவே இல்லை. ஒரே தாள், மூன்று மொழிகள்.

தமிழிலும் நிலைமை நகர்ந்துகொண்டிருக்கிறது. மனிதர் செய்யும் பாவமும் நாட்டியக் கலைஞர் முகத்தில் காட்டும் பாவமும் எழுத்தில் ஒன்று. இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள், படித்தவர் நாவில் இரண்டும் ஒன்றில்லை. கடன்சொற்கள் வழியாக ஒரு புதிய ஒலியன் வேறுபாடு நம் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது, எழுத்து அதைக் காட்டவில்லை. நல்லதா கெட்டதா என்று நான் இங்கே வழக்காட வரவில்லை. ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வலி, வளி, வழி, மரம், மறம், மனம், மணம். ஓர் ஒலி மட்டும் மாறிப் பொருள் மாறும் இத்தகைய இணைகளைக் கொண்டுதான் ஒரு மொழியின் ஒலியன்களைக் கண்டுபிடிக்கிறார்கள். நாம் பள்ளியில் இவற்றை ‘ஒலி வேறுபாடு அறிதல்’ என்று பயிற்சியாகத் தருகிறோம். தருவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த வேறுபாடு அந்தப் பிள்ளையின் வீட்டுப் பேச்சில் இருக்கிறதா? தென்மாவட்டங்களில் பல ஊர்களில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’. சென்னைப் பக்கம் ‘வாயப்பயம்’. அங்கே ழகரம் என்ற ஒலியன் வீட்டில் இல்லை. பள்ளியில்தான் அது பிள்ளைக்கு அறிமுகமாகிறது. சொல்வதெழுதுதல் நடத்தும் ஆசிரியரே ழகரத்தையும் ளகரத்தையும் ஒரேபோல ஒலித்தால் அங்கே சோதிக்கப்படுவது செவியன்று, நினைவாற்றல். ஆனால் அதே தெற்கில், கன்னியாகுமரி மாவட்டத்தில், ‘காற்று’ என்பதன் றகரத்தை அண்பல்லில் நாவை ஒற்றி வல்லினமாகவே ஒலிக்கிறார்கள். இலங்கைத் தமிழிலும் அந்த ஒலி உயிரோடு இருக்கிறது. மற்றவர்களாகிய நம்மிடம் அது போய்விட்டது. எந்த வட்டார வழக்கும் முழுக்கக் கெட்டதும் இல்லை, முழுக்கக் காத்ததும் இல்லை.

நகரமும் னகரமும் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. இன்றைய பேச்சில் பெரும்பாலாரிடம் ‘நாய்’ என்பதன் முதலொலிக்கும் ‘பனை’ என்பதன் நடுவொலிக்கும் வேறுபாடு கேட்பதில்லை. கேட்காத ஒன்றைக் ‘கூர்ந்து கேட்டு எழுது’ என்று குழந்தையிடம் சொல்வது கொடுமை. இடத்தைச் சொல்லிக் கொடுத்தால் போதும்: சொல்லின் முதலில் ந, தகரத்துக்கு முன் ந், மற்ற இடங்களில் ன. செந்நெல், முந்நூறு போன்ற கூட்டுச்சொற்களைப் பிறகு தனியே காட்டலாம். ஐந்து நிமிடத்தில் தீரும் பாடத்தை ஐந்து ஆண்டு இம்போசிஷனாக நாம் இழுத்திருக்கிறோம்.

அடுத்து உருபன். பள்ளி இலக்கணத்தில் ‘உருபு’ என்றால் வேற்றுமை உருபுதான் நினைவுக்கு வரும். உருபன் அதைவிட அகன்றது. பொருள் தரும் மிகச் சிறிய அலகு எதுவும் உருபன். ‘மரங்களை’ என்பதில் மூன்று உருபன்கள். பொருள் ஒன்றாக இருக்க, இடத்துக்கேற்ப வடிவம் மாறினால் அவை மாற்றுருபுகள். வந்தான், படித்தான், கண்டான், விற்றான், ஓடினான், போனான் என்ற ஆறிலும் இறந்தகாலம் என்ற ஒரே பொருள் ஆறு வேறு உடையில் நிற்கிறது. பவணந்தியார் நன்னூலில் த், ட், ற், இன் என்று இவற்றை வகுத்துத் தந்துவிட்டார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அது போதும், எந்த வினைக்கு எது என்று காது சொல்லிவிடும். காது சொல்லாத பிள்ளைக்கு வினைகளை வகைபிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு வாய்பாட்டுச் சொல்லோடு கற்பிக்க வேண்டும். டொரண்டோவிலோ லண்டனிலோ வளரும் தமிழ்ப் பிள்ளை ‘நான் வரினேன்’ என்று சொன்னால் நமக்குச் சிரிப்பு வருகிறது. எழுதினேன், பாடினேன், ஓடினேன் என்று தான் கேட்ட நூறு சொற்களிலிருந்து அது ஓர் உருபனைப் பிரித்தெடுத்து வேறு வினையில் ஒட்டியிருக்கிறது. அதற்கு யாரும் பகுபத உறுப்பிலக்கணம் சொல்லித் தரவில்லை.

1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் குழந்தைகளிடம் ஒரு கற்பனைப் பறவையின் படத்தைக் காட்டி அதற்கு ‘வக்’ என்று பெயர் சொன்னார். பிறகு அதே பறவை இரண்டு நிற்கும் படத்தைக் காட்டி, இப்போது இரண்டு என்ன என்று கேட்டார். குழந்தைகள் அதற்கு முன் கேட்டே இராத அந்தச் சொல்லுக்குச் சரியான ஆங்கிலப் பன்மை விகுதியைச் சேர்த்துச் சொன்னார்கள். மனப்பாடத்தால் இது வராது, மனத்துக்குள் விதி இருந்தால்தான் வரும். உங்கள் வகுப்பில் தமிழிலேயே செய்து பாருங்கள். ‘நிமுக்கு’ என்று பொருளில்லாத ஒரு வினையைச் சொல்லி, “இன்று நிமுக்குகிறான், நேற்று?” என்று கேளுங்கள். அமுக்கினான், நறுக்கினான் வழியில் ‘நிமுக்கினான்’ என்று வகுப்பு சொல்லக்கூடும். வேறொரு வடிவம் வந்தால் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை எந்த வாய்பாட்டைப் பின்பற்றுகிறது என்பதற்கு அது தடயம்.

இந்த இடத்தில்தான் பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரை ஆசிரியருக்குக் கைகொடுக்கிறது. கற்பவர் செய்யும் பிழைகளில் இரண்டு வகை உண்டு என்றார் அவர். களைப்பாலோ அவசரத்தாலோ கை தவறி வருவது ஒன்று. கற்பவர் மனத்தில் அந்நேரம் இருக்கும் விதியின் விளைவாகத் திரும்பத் திரும்ப வருவது மற்றொன்று. முன்னதைத் தவறு என்றும் பின்னதைப் பிழை என்றும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். தவறைக் காட்டினால் மாணவர் தாமே திருத்திக்கொள்வார். பிழையைச் சுழித்தால் அவருக்கு எதுவும் விளங்காது, ஏனெனில் அவருடைய கணக்கில் அது சரி. பிழைதான் ஆசிரியருக்குச் செய்தி: இந்தப் பிள்ளை எதுவரை வந்திருக்கிறது, அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும். 1972இல் லாரி செலிங்கர், தாய்மொழியும் ஆகாமல் கற்கும் மொழியும் ஆகாமல் கற்பவர் மனத்தில் நடுவே உருவாகும் அந்த மொழிக்கே இடைமொழி என்று பெயர் வைத்தார். அதற்கும் இலக்கணம் உண்டு, நாளுக்கு நாள் மாறும் இலக்கணம்.

இனி இரட்டை வழக்கு. எழுத்துக்கும் மேடைக்கும் ஒரு வடிவம், வீட்டுக்கும் தெருவுக்கும் வேறொரு வடிவம் என்று ஒரே சமுதாயம் இரண்டையும் பங்கிட்டு வழங்கும் நிலையை சார்லஸ் பெர்குசன் 1959இல் விரித்து எழுதினார். அரபு, நவீன கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹைட்டி கிரியோல் என்ற நான்கையும் அவர் முதன்மைச் சான்றுகளாக எடுத்தார். கிரேக்கர்கள் 1976இல் பேச்சு வழக்கையொட்டிய வடிவத்தையே கல்விமொழி ஆக்கிக்கொண்டார்கள். நாம் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறோம். வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. வீட்டிலிருந்து பிள்ளை கொண்டுவரும் வடிவத்தைக் ‘கொச்சை’ என்று சொல்லி வாசலிலேயே நிறுத்துவதில்தான் மறுப்பு.

ஒரே ஒரு தொடரைப் பார்ப்போம். ‘அவ வந்தா’. இதற்கு எழுத்து வழக்கில் இரண்டு பொருள்: ‘அவள் வந்தாள்’, ‘அவள் வந்தால்’. பேச்சில் சொல்லிறுதி ளகரமும் லகரமும் உதிர்ந்துவிடுகின்றன. எழுத உட்காரும் பிள்ளை, இங்கே ஏதோ ஒரு மெய் இருந்தது என்று சரியாகவே உணர்ந்து ஒன்றைத் திரும்ப வைக்கிறது. அதனால்தான் கட்டுரை நோட்டுகளில் ‘அவள் நேற்று ஊரிலிருந்து வந்தால்’ என்று எழுதியிருக்கிறது. நாம் அதை ல, ள மயக்கம் என்று சொல்லி ‘பல்லி, பள்ளி’ என்று பயிற்சி கொடுக்கிறோம். பல்லிக்கும் பள்ளிக்கும் அந்தப் பிள்ளை என்றுமே குழம்பியதில்லை, அங்கே அதன் வீட்டு வழக்கில் இரண்டு ஒலியன்களும் தெளிவாக இருக்கின்றன. குழப்பம் சொல்லிறுதியில், அதுவும் பேச்சிலிருந்து எழுத்துக்கு மாறும்போது. மருந்து வேறு: கரும்பலகையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் பிள்ளைகள் பேசுவதை அப்படியே எழுதுங்கள். ‘அவ நேத்து வந்தா’, ‘அவ வந்தா நானும் வருவேன்’. வலப்பக்கம் அவர்களையே எழுத்து வழக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். நடந்து முடிந்தது எது, நடந்தால்தான் என்பது எது என்று வகுப்பே பிரித்துவிடும். இந்த வேலையை நான் பல வகுப்புகளில் செய்திருக்கிறேன். பேசாத பிள்ளைகள் முதலில் வாய் திறப்பது இடப்பக்கத்தை நிரப்பும்போதுதான்.

தொடரியலையும் பொருண்மையியலையும் இன்று விட்டுவிடுகிறேன், அவற்றுக்குத் தனிப் பேச்சு வேண்டும். பயன்வழியியலுக்கு ஒரு வாக்கியம் மட்டும்: ‘போயிட்டு வரேன்’ என்று விடைபெறும் தமிழரைப் பார்த்து, எப்போது திரும்பி வருவார் என்று வாசலில் காத்திருக்கும் வெளிமாநில நண்பருக்குச் சொல்லின் பொருள் தெரியும், சொல்லைப் பயன்படுத்தும் முறை தெரியாது.

அந்த ஒடியாப் பையனிடம் திரும்புகிறேன். ஆறு என்ற இரண்டு சொற்கள் தமிழில் ஒரே ஒலியோடு நிற்கின்றன. இரண்டுமே நெடில்தொடர்க் குற்றியலுகரம். நீர் ஓடும் ஆறு வேற்றுமை ஏற்கும்போது றகரம் இரட்டித்து ‘ஆற்று’ என்ற மாற்றுருபாகிறது: ஆற்றில், ஆற்றை, ஆற்றுக்கு. சோறும் சேறும் போவது இந்த வழியில். எண்ணாகிய ஆறு அப்படிப் போவதில்லை. பிற எண்களோடு சேரும்போது அது குறுகி அறுபது, அறுநூறு என்றாகும். பழைய இலக்கணங்களில் எண்ணுப்பெயர்கள் அன் சாரியை பெற்று ஒன்றன், இரண்டன், ஆறன் என்று வரும். இன்று சாரியை இல்லாமலே ஆறில், ஆறை என்கிறோம். இரண்டு சொற்கள், இரண்டு மாற்றுருபு வரிசைகள்.

இதைச் சொல்லியிருந்தால் அவன் விட்டிருக்க மாட்டான். “நூறும் எண்தானே சார், அப்புறம் ஏன் நூற்றில் ஒருவர்?” என்று கேட்டிருப்பான். கேட்க வேண்டிய கேள்விதான். நூறு இரட்டிக்கும் வரிசையில் சேர்ந்துவிட்ட எண் என்று பலகையில் தனியாக ஒரு கட்டம் போட்டு எழுதி, எழுபது, எண்பது என்று மற்ற எண்களுக்கும் அவனையே உருபு சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஒரு முழுப் பாடவேளை அதற்கே போயிருக்கும். அவன் நோட்டில் ‘ஆற்றில்’ என்ற சொல்லைச் சுழிக்காமல் விட்டு, பக்கத்தில் ‘விதி சரி, சொல் வேறு’ என்று எழுதியிருப்பேன்.